பச்சைப் பட்டி

பயிற்சியின் முதல் நாளே துஷாந்தி சிஸ்டர் மேனுஷாவை ஒரு கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தினார். கட்டிலில் ஒரு கிழவர் வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சுற்றிவர மற்றத் தாதிகள் நின்றார்கள்.

“என்ன தெரியுது, சொல்லு.”

“ரொம்பக் களைச்சுப்போயிருக்காரு சிஸ்டர். பாவமா இருக்கு.”

“பாவம்ங்கிறது எந்த மெஷின்ல தெரியும்? அதுக்கு எத்தனை பிரஷர், எத்தனை நாடி?”

தாதிகள் சிரித்தார்கள். ஏதோ வேடிக்கை நடக்கிறது என்று நினைத்து அந்தக் கிழவரும் பல்லில்லாத வாயால் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்து திணறினார்.

“நாளைக்கு வரும்போது மனச போர்டிங்லயே கழட்டி வச்சிட்டு வா. இங்க கண்ணும் கையும் போதும்” என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மேனுஷா லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவள். அப்பா இராசையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா பாக்கியலெட்சுமி கொழுந்து எடுக்கிறவர். அண்ணன் ரமேஸ் உயர்தரப் பரீட்சை எழுதாமலே கொழும்புக்குப் போய் ஒரு புடவைக் கடையில் நின்றுவிட்டான். மேனுஷாதான் படித்தாள். அவளுக்குத் தாதியர் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி லயத்துக்கு வந்த அன்று, பொதுப் பைப்படியில் தண்ணீருக்கு நின்ற கங்காணியின் மனைவி விஜயலெட்சுமி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“ஊரான் பீய அள்ளுறதுக்கு இத்தன படிப்பா பாக்கியம்? அத இங்கயே செஞ்சிருக்கலாமே.”

சொன்னதோடு நிற்கவில்லை. வரிசையில் முன்னால் இருந்த பாக்கியலெட்சுமியின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். பாக்கியலெட்சுமி உருண்ட குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனாள். எதற்கும் அவள் வாய் திறக்க மாட்டாள். கங்காணி எந்த மலைக்கு ஏறச் சொல்கிறாரோ அந்த மலைக்கு ஏறுவாள். காய்ச்சல் என்றாலும் விடியலில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போவாள். டிஸ்பென்சரியில் மருந்து கேட்டு நின்றால் பேச்சு விழும் என்று மல்லித்தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பாள். பிறருக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருப்பதைத் தவிர வேறு ஒழுக்கம் அவளுக்குத் தெரியாது.

தாதியாகிச் சில வருடம் வார்டில் நின்ற பிறகுதான் மேனுஷா இந்த மேற்பயிற்சிக்குத் தெரிவானாள். பதுளை ஆஸ்பத்திரியில் அது புதிது. பெரியவர்களுக்குத் திடீரென்று வருகிற ஆபத்தான நோய்களைப் பார்க்கிற பயிற்சி. வார்டுத் தாதி டொக்டர் சொன்னதைச் செய்வாள். இதை முடித்தவள் டொக்டர் வந்து சேர்வதற்கு முன்பே நோயாளியைச் சோதித்து, எதை முதலில் செய்வது என்று முடிவெடுத்து, மருந்தும் சேலைனும் தொடங்கலாம். பாடமெல்லாம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. மேனுஷா ஹாலிஎலயில் ஒரு போர்டிங்கில் தங்கி, பஸ்ஸில் நின்றபடியே பாடத்தை முணுமுணுத்துக்கொண்டு போய்வந்தாள்.

துஷாந்தி சிஸ்டர் பதுளைக் கடைவீதியில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அவருடைய கண் தப்பாது. நோயாளி கட்டிலில் புரண்டு படுக்கிற விதத்தைப் பார்த்தே, “இது சாயந்தரத்துக்குள்ள கவுந்துரும், டொக்டருக்குச் சொல்லுங்க” என்பார். அப்படியே நடக்கும். மேனுஷா அவருக்குப் பயந்தாள். அதேயளவு அவரைப் போல ஆகவும் ஆசைப்பட்டாள். சிஸ்டருக்கு அது தெரியும். தெரிந்ததனால்தானோ என்னவோ, அவளை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குத்துவார்.

“தோட்டத்துப் புள்ளைங்க நல்லாப் பாரம் தூக்கும். மூளையத் தூக்கச் சொன்னாத்தான் இடுப்புப் புடிச்சுக்கும்” என்று ஒருநாள் வகுப்பில் சொன்னார்.

பக்கத்தில் இருந்த நபீலா மேசைக்கடியில் மேனுஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நபீலா பதுளைப் பெண், கலகலப்பானவள். பயிற்சியில் மேனுஷாவுக்கு வாய்த்த ஒரே தோழி.

சிஸ்டர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். ஒரே நேரத்தில் பலபேர் வந்தால் வாசலிலேயே பிரிக்க வேண்டும். உடனே பார்க்காவிட்டால் செத்துப்போகிறவருக்கு மணிக்கட்டில் சிவப்புப் பட்டி. கொஞ்சம் பொறுக்கக்கூடியவருக்கு மஞ்சள். நடந்து பேசிக்கொண்டு வருகிறவருக்குப் பச்சை. இறந்துவிட்டவருக்குக் கறுப்பு. கத்துகிறவரை விட்டுவிட்டுக் கத்த முடியாதவரைப் பார்க்க வேண்டும். யார் எவர் என்று பார்க்கக் கூடாது.

அந்தப் பட்டிகளைக் கட்டுகிற நாள் மேனுஷாவுக்குச் சில மாதங்களிலேயே வந்தது.

வெயில் நன்றாக ஏறியிருந்த ஒரு முற்பகல். லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் உயரமான டர்பன்டைன் மரத்திலிருந்த குளவிக்கூட்டைப் பருந்து கலைத்துவிட்டது, கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் குளவி மொய்த்துவிட்டது, ஆட்களை ஏற்றிக்கொண்டு லொறி வருகிறது என்று தொலைபேசியில் செய்தி வந்தது. எந்தத் தோட்டம் என்று யாரும் கேட்கவில்லை. துஷாந்தி சிஸ்டர் பட்டிக் கட்டை மேனுஷாவின் கையில் வைத்தார்.

“அதுங்க பேசுற பாஷை ஒனக்குத்தான் நல்லா வெளங்கும். வாசல்ல நில்லு. ஒரு ஆள்கிட்டயே நின்னு கதைக்கக்கூடாது, கட்டிட்டு அடுத்த ஆள்.”

கொழுந்து லொறி பின்பக்கமாக வந்து நின்றது. தட்டியை இறக்கியபோது பச்சைக் கொழுந்து வாசம் முதலில் வந்தது. பிறகு அழுகை. முதல் முகத்தைக் கண்டதுமே மேனுஷாவுக்கு எந்தத் தோட்டம் என்று தெரிந்துவிட்டது. அது அவளுடைய லயத்து முகம்.

இரண்டு பேர் ஒரு பெண்ணைச் சாக்கில் படுக்கவைத்துத் தூக்கி வந்தார்கள். உதடு தடித்து, நாக்கு வெளியே தள்ளி, மூச்சு இழுக்கும்போது தொண்டையில் விசில் அடிக்கிற சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் அது விஜயலெட்சுமி என்று தெரிந்தது. மேனுஷா சிவப்புப் பட்டியைக் கட்டி, “உள்ள, உள்ள!” என்று கத்தினாள். அடுத்தவருக்கு மஞ்சள், அடுத்தவருக்குச் சிவப்பு, அப்புறம் ஒரு மஞ்சள்.

கடைசியாகப் பாக்கியலெட்சுமி இறங்கினாள். தானாகவே இறங்கினாள். இறங்கியதோடு, நடக்க முடியாத இன்னொருத்தியைத் தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டும் வந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நெற்றியிலும் கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாக இருந்தது.

“அம்மா!”

“எனக்கு ஒன்னுமில்ல சாமி. ரெண்டு மூணு கடிதான். அதுகள மொதல்ல பாரு.”

மேனுஷா நாடி பிடித்தாள். வேகமாக இருந்தது, ஆனால் அன்று வந்த எல்லோருக்கும் வேகமாகத்தான் இருந்தது. பிரஷர் நன்றாக இருந்தது. மூச்சில் சத்தம் இல்லை. பேச்சுத் திணறவில்லை.

“நெஞ்சு கிஞ்சு அடைக்குதாம்மா? உண்மையச் சொல்லு.”

பாக்கியலெட்சுமி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“மேனுஷா! சொந்தக்காரங்கள வச்சுக் கொஞ்சுற எடமில்ல இது. ஆஸ்பத்திரிய விட்டே அனுப்பிருவேன், தெரியுந்தானே?”

பாக்கியலெட்சுமி அந்தப் பெரிய சிஸ்டரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

“இல்ல சாமி. ஒன்னும் அடைக்கல. நீ போ.”

மேனுஷா அம்மாவின் மணிக்கட்டில் பச்சைப் பட்டியைக் கட்டி, வாசலுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

உள்ளே விஜயலெட்சுமிக்கு அட்ரினலின் போட்டும் தொண்டை அடைப்பு விடவில்லை. டொக்டர் படாத பாடுபட்டு மூச்சுக்குழாய்க்குள் குழாயை இறக்கிவிட்டார். ஆனால் மூச்சுக் கொடுக்கிற மெஷின் ஒன்றுகூடக் காலியாக இல்லை. மெஷின் வருகிறவரை குழாயில் பொருத்திய ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அமுக்கினால்தான் மூச்சு. துஷாந்தி சிஸ்டர் மேனுஷாவைப் பிடித்துக் கட்டிலின் தலைமாட்டில் நிறுத்தினார்.

“அளவா அமுக்கு. நிப்பாட்டக்கூடாது.”

அங்கிருந்து பார்த்தால் கதவுக் கண்ணாடி வழியே வெளியே பெஞ்சு தெரிந்தது. அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். மேனுஷா பையை அமுக்கிக்கொண்டே பார்த்தாள். முதலில் பார்த்தபோது சாதாரணமாகத்தான் இருந்தது. அடுத்த தடவை அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க வேர்த்தது. நிழலான அந்த வாசலில் காற்று குளிர்ந்துதான் வீசிக்கொண்டிருந்தது. முகத்தின் நிறம் செத்துப்போய்ச் சாம்பல் பூத்தது. மாதக்கணக்காகப் பழக்கிய கண்ணுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

“சிஸ்டர், பெஞ்சில அம்மாவ ஒருக்கா பாருங்க சிஸ்டர். மூஞ்சி சரியில்ல.”

“நீ என்ன கட்டின?”

“பச்சை.”

“அப்ப பச்சைதான். மஞ்சளே இன்னும் கெடக்கு இங்க. பையை அமுக்கு.”

“இல்ல சிஸ்டர், வேர்க்குது, நெஞ்சாத்தான் இருக்கும், ஒரு ஈசிஜி—”

“இவ்வளவு பேர விட்டுட்டு ஒங்கம்மாவுக்கு ஒரு ஆள அனுப்பணுமா? வாய மூடு.”

அடுத்த கட்டிலில் சேலைன் ஏற்றிக்கொண்டிருந்த நபீலா இதைக் கேட்டாள். “இந்தா, இத முடிச்சிட்டு நான் போறேன்டி” என்று மெதுவாகச் சொன்னாள். முடிப்பதற்குள் சிஸ்டர் அவளை வேறு கட்டிலுக்குக் கூப்பிட்டார். நபீலா போனாள்.

பாக்கியலெட்சுமி பெஞ்சிலிருந்து பக்கவாட்டில் சரிந்து, சத்தமில்லாமல் தரையில் விழுந்தாள். பெஞ்சிலிருந்த மற்றப் பெண்கள் கூச்சலிட்டார்கள்.

ஓடியது துஷாந்தி சிஸ்டர்தான். முழங்காலிட்டு நெஞ்சை அமுக்கத் தொடங்கினார். சரியாக, முழுப் பலத்தோடு, தலைமுடி அவிழ்ந்து விழ அமுக்கினார். டொக்டர் ஓடினார். மின்சார அதிர்ச்சி கொடுக்கிற பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“யாராவது இதப் புடிங்க! நபீலா! யாராவது வாங்களேன்!” என்று மேனுஷா கத்தினாள்.

யாருடைய கையும் சும்மா இருக்கவில்லை. வெளியே தரையிலிருந்து சிஸ்டரின் குரல் மட்டும் வந்தது. “பையை விட்டா அவ செத்துருவா! அமுக்கு!”

மேனுஷா கீழே பார்த்தாள். வீங்கிய முகம், மூடிய கண், வாயில் குழாய். பைப்படியில் அம்மாவின் குடத்தைத் தள்ளிவிட்ட பெண். விட்டுவிடு என்று மேனுஷா தனக்குத்தானே சொன்னாள். ஆத்திரத்தில் ஓடி மறைந்த நினைப்பல்ல அது. விட்டால் என்ன ஆகும், எவ்வளவு சீக்கிரம் ஆகும் என்று எல்லாம் தெரிந்து, தெளிவாக நினைத்தாள். ஆனால் கை கேட்கவில்லை. கையைத்தான் அவர்கள் அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார்களே. அது பாட்டுக்கு அமுக்கியது, விட்டது, மறுபடி அமுக்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் நெஞ்சும் அதேபோல அமுங்கி எழும்பிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. சிஸ்டர் எழுந்து நின்று தலைமுடியை முடிந்துகொண்டார்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மெஷின் வந்தது அதற்குப் பிறகுதான்.

மேனுஷா வெளியே வந்தபோது அம்மாவைத் தள்ளுகட்டிலில் கிடத்தியிருந்தார்கள். விரல்களில் கொழுந்துக் கறை அப்படியே இருந்தது. மேனுஷா அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். துஷாந்தி சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள்.

“பட்டி இன்னும் பச்சையா இருக்கு. நீ கட்டினது, நீயே மாத்து” என்றார் சிஸ்டர்.

மேனுஷா பச்சையைக் கழற்றிவிட்டுக் கறுப்பைக் கட்டினாள்.

பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அழுதழுது நடந்ததைச் சொன்னாள். “கல்லத் தூக்கி நெஞ்சில வச்ச மாதிரி இருக்குன்னுதான் ஒங்கம்மா சொன்னிச்சு மேனு. மிஸ்ஸிமாரக் கூப்புடவான்னு கேட்டேன். கூப்புடாத, அந்தப் பெரிய மிஸ்ஸி எம்புள்ளையத்தான் ஏசும்னு என் கையப் புடிச்சுக்கிச்சு.”

மண் போட்ட மறுவாரம் ஆஸ்பத்திரியில் அன்றைய மரணத்தைப் பற்றிய கூட்டம் நடந்தது. தலைமை வகித்த நிபுணர் நிதானமான மனிதர், சிங்களத்தில் பேசினார். திரையில் பெயர் இல்லை. பெண், ஐம்பதைத் தாண்டியவர், தோட்டத் தொழிலாளி, குளவி விஷத்தால் மாரடைப்பு என்று மட்டும் இருந்தது.

“இந்த நோயாளிக்குப் பச்சை கட்டியது யார்?”

மேனுஷா எழுந்து நின்றாள். “நான்.”

“கட்டிய நேரத்தில் அது பிழை என்று நான் சொல்லமாட்டேன். பிறகு யாராவது மறுபடி பார்த்தீர்களா? நிலைமை மாறுவதாக யாராவது அறிவித்தீர்களா?”

மேனுஷா வாயைத் திறந்தாள். அதற்குள் துஷாந்தி சிஸ்டர் பதில் சொன்னார்.

“இல்லை சேர். மறுபடி பார்ப்பது பட்டி கட்டியவருடைய பொறுப்பு. அவர் பயிற்சியில் இருப்பவர். எனக்கு எதுவும் அறிவிக்கப்படவில்லை.”

மேனுஷா நபீலாவைப் பார்த்தாள். நபீலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிபுணர் ஏதோ குறித்துக்கொண்டார், மேனுஷாவை உட்காரச் சொன்னார், அனுதாபத்தோடு தலையசைத்தார்.

கூட்டம் முடிந்ததும் மேனுஷா சிஸ்டரை நடைபாதையில் மறித்தாள்.

“நான் சொன்னேனே சிஸ்டர். ரெண்டு தரம் சொன்னேனே.”

“சொன்ன. நான் கேக்கல.” சிஸ்டரின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “அத அங்க சொல்லி என்ன ஆகப்போகுது? என்னய வேலையிலருந்து தூக்குவாங்க. பயிற்சி நிக்கும். நீயும் முடிக்கமாட்ட, நபீலாவும் முடிக்கமாட்டா. ஒங்கம்மா எழும்பி வருவாங்களா? சொல்லணும்னா போய்ச் சொல்லு. சேர் இன்னும் உள்ளதான் இருக்காரு.”

கதவு திறந்துதான் இருந்தது. மேனுஷா அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி வார்டுக்குப் போனாள். அன்று அவளுக்கு மத்தியான வேலை இருந்தது. நபீலா பின்னால் ஓடி வந்து, “என் வூட்டுல என் சம்பளத்த நம்பித்தான்டி எல்லாரும்...” என்று தொடங்கினாள். மேனுஷா நிற்கவில்லை. அதன் பிறகு இருவரும் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு மேனுஷா லயத்துக்குப் போனாள். ரமேஸ் வந்திருந்தான், தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. படையல் போட்டுக் கும்பிட்டு முடிந்த நேரத்தில் விஜயலெட்சுமி வந்தாள். குழாய் போட்டதில் தொண்டை கரகரத்துப்போயிருந்தது. ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் ஒரு புதுச் சேலையையும் கீழே வைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் மேனுஷாவின் காலைத் தொட்டாள்.

“நீ எனக்கு சாமிம்மா. ஒன் கையால வந்த மூச்சு இது.”

மூலையில் குந்தியிருந்த இராசையா எழுந்தார். சாதுவான மனிதர், குடித்தாலும் சத்தம் போடாதவர்.

“ஆமா, சாமிதான். பெத்தவள நாய் மாதிரி வெளிய ஒக்கார வச்சிட்டு, அவ கொடத்த ஒதைச்சவளுக்கு மூச்சுக் குடுத்த சாமி.”

“அப்பா, நான் சொன்னேன்பா, அவங்கதான்...”

“சொன்னியாம். வாயால சொன்னாப் போதுமா? ரெண்டு எட்டு எடுத்து வச்சா அவ இருந்த எடம். பாத்துக்கிட்டே நின்னியாமே! பாத்துக்கிட்டே!”

யாரும் அவரைத் தடுக்கவில்லை. கையை விட்டிருந்தால் விஜயலெட்சுமி செத்திருப்பாள் என்பதை அவள் முன்னாலேயே எப்படிச் சொல்வது? விஜயலெட்சுமி பழத்தையும் சேலையையும் அப்படியே விட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள்.

“நீயும் போ. இனிமே இந்தக் காம்பராப் படி மிதிக்காத. நான் செத்தாலும் வராத” என்றார் இராசையா.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தபோது, அவரை மேனுஷா இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். லொறியில் ஏற மாட்டேன் என்று வாசல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தோட்டத்து டிஸ்பென்சரி மருந்தோடு தன் ஒற்றையறைக் காம்பராவிலேயே இறந்தார். ரமேஸ் எல்லாம் முடிந்த பிறகுதான் தங்கைக்குச் சொன்னான்.

மேனுஷா பயிற்சியை முடித்தாள். பரீட்சையில் நன்றாகவே செய்தாள். துஷாந்தி சிஸ்டர் அவளைப் பற்றி எழுதிய மதிப்பீட்டில் “நெருக்கடியிலும் கையை விடாதவர்” என்று இருந்தது. அவர் அதை ஏளனமாக எழுதவில்லை, பாராட்டாகவே எழுதினார். கொஞ்ச காலத்தில் அவர் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். போகும்போது தன் இடத்துக்கு மேனுஷாவின் பெயரைத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது புதிதாக வருகிற தாதிகளுக்கு மேனுஷாதான் வகுப்பு எடுக்கிறாள். குரலை உயர்த்த மாட்டாள், யாரையும் பரிகசிக்க மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். அவளுடைய கண் தப்பாது என்று டொக்டர்மார் சொல்கிறார்கள். பச்சை கட்டியவர்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்கிற பாடத்துக்கு அந்தக் கூட்டத்துக்காகத் தயாரித்த ஸ்லைடுகளையே இன்னும் பயன்படுத்துகிறார்கள். பெண், ஐம்பதைத் தாண்டியவர், தோட்டத் தொழிலாளி. அந்த நோயாளி யார் என்று இந்தத் தாதிகளுக்குத் தெரியாது.

போன வகுப்பில் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கை தூக்கினாள்.

“மிஸ், நெஞ்சு வலிச்சா வலிக்குதுன்னு சொல்லவேண்டியதுதானே? கேட்டும் ஏன் சொல்லல?”

மேனுஷா பதில் தேடுவதற்குள் பின்னாலிருந்து வேறொருத்தி சொன்னாள். “தோட்டத்து ஆளுங்கதானேடி. அதுகளுக்கு என்ன தெரியும்?”

வகுப்பு சிரித்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்திய வகுப்பு, எல்லோருக்கும் பசி, அலுப்பு.

மேனுஷா சிரிப்பு அடங்குகிறவரை காத்திருந்தாள். பிறகு, “வேர்வை, முகத்து நிறம், இந்த ரெண்டையும் எழுதிக்கோங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு மாற்றினாள்.